தலையும் ஓர் அமானிதம்

(இளைஞர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

முதலாம் உலகப்போரில் ஹிஜாஸில் துருக்கியருக்கு எதிராக அரபுகளோடு நின்ற ஆங்கிலேய அதிகாரி டி.இ. லாரன்ஸ். அவருடைய அரசியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவர் மரணத்தில் நமக்கொரு பாடம் உண்டு.

லாரன்ஸுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். பிரஃப் சுப்பீரியர் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வைத்து ஓட்டினார். போரில் தப்பிய அவர், 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட்டில் தம் வீட்டருகே, சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க வண்டியை ஒடித்தார், தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து 19ஆம் தேதி இறந்தார். வயது 46.

அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். விதி என்று அவர் விட்டுவிடவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் ஏற்படும் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் வெளியிட்டார். அதே ஆண்டு, செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குப் பிரிட்டிஷ் ராணுவம் கவசத்தைக் கட்டாயமாக்கியது.

தம்பிமார்களே! "மவுத்து எங்கிருந்தாலும் வரும்" என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். ஜும்ஆவுக்கு வரும்போது தொப்பி நசுங்கும் என்று கவசத்தை டேங்க் மேல் வைத்து வருகிறீர்கள். தொப்பியைப் பையில் வையுங்கள், பள்ளிவாசலில் போட்டுக்கொள்ளலாம். பின்னால் உட்காருபவருக்கும் ஒரு கவசம் வாங்குங்கள். பிள்ளையின் ஜனாஸாவுக்கு முன்னால் நிற்கும் வாப்பாவுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.