கொள்ளேகாலில் ஒரு சித்திரம்

கொள்ளேகாலில் வாழும் தமிழர் அனைவரும் வேற்று மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து வந்தவர் அல்லர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் இவ்வட்டம் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வீட்டை விட்டு ஓரடியும் எடுத்து வைக்காத குடும்பங்கள் ஒரே இரவில் அயல் மாநிலத்தவர் ஆயின. பட்டுத் தொழிலையும் வாணிகத்தையும் நாடித் திம்பம் மலைப்பாதை வழியே பின்னர் வந்து சேர்ந்தோரும் உளர். இவ்விரு சாராருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் கல்லூரியிற் பயிலும் பெண் ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள். தமிழ் எழுத்தை அறியாள். இரவு நெடுநேரம் கைப்பேசியில் சித்திரம் தீட்டி, அதனை இணையத்தில் இட்டு, முகமறியாத நண்பர்களோடு உரையாடுவது அவள் வழக்கம். ஏதோ பொம்மை போடுகிறாள் என்றே பாட்டியார் எண்ணியிருந்தார். ஒரு நாள் அதைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மீசை அரும்பிய முகம் ஒன்று, கண்ணாடியிலே சேலை உடுத்த பெண்ணாகத் தன்னைக் காண்கிறது. 'நானு அவனல்ல, அவளு' என்னும் கன்னடத் திரைப்படத்தைப் பார்த்து வரைந்ததாக அவள் சொன்னாள்.

அப்படத்தின் வேர் தமிழில் இருப்பதை அவள் அறிந்திருக்கவில்லை. லிவிங் ஸ்மைல் வித்யா என்னும் திருநங்கை தம் வாழ்க்கையை 'நான், சரவணன் வித்யா' என்று 2007-இல் தமிழில் எழுதினார். அதைத் தழுவியே லிங்கதேவரு படம் எடுத்தார். அதில் நடித்த சஞ்சாரி விஜய் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். நாமக்கல் பகுதியில் பிறந்த அ. ரேவதியின் கதையும் இத்தகையதே. பெங்களூரில் சங்கமா என்னும் அமைப்பில் பணியாற்றிய அவர், தம்மைப் போன்றோரின் அனுபவங்களைத் திரட்டி 'உணர்வும் உருவமும்' என்று 2004-இல் வெளியிட்டார். அவருடைய தன்வரலாறு 2010-இல் ஆங்கிலத்தில் வந்தது; பின்னர் 'வெள்ளை மொழி' எனத் தமிழிலும், 'பதுகு பயலு' எனக் கன்னடத்திலும் வந்தது. தமிழ்ப் பெண் ஒருத்தி தமிழரின் துயரத்தைக் கன்னடத்தின் வழியாக அறிந்துகொள்வதில் குறையொன்றும் இல்லை. அயலிலே வாழும் நமக்கு அறிவு எந்த வாயில் வழியாக வந்தால் என்ன?

பிறகு அவள் ஒன்று கேட்டாள்: "இவர்களைத் தமிழில் எப்படி அழைப்பது?" அருகிலிருந்த மாமன் ஒரு சொல்லைச் சொல்லிச் சிரித்தார். நம்மிற் பலர் தெருவிலே கேட்டு வளர்ந்த சொல்தான் அது. இங்கே மீண்டும் உரைக்க மாட்டேன். அவள் முகம் மாறியது. தன் இணைய நண்பர்களுள் ஒருவர் இத்தகையவர் என்றும், வேறோர் ஊரில் தமிழ்க் குடும்பத்தில் வாழ்கிறார் என்றும், தன்னிடம் மட்டுமே உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்றும், அச்சொல்லை நாள்தோறும் உணவு உண்ணும் இடத்திலே கேட்கிறார் என்றும் கூறினாள். தந்தையார் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதே தக்கது என்றார். ஒரு குழந்தையின் ஒரே சாளரத்தை அடைப்பதாகும் என்று நான் தடுத்தேன்.

சொல் சிறிய பொருள் அன்று. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த, ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்களின் வழக்கு 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருளில் தம் அறிவு போதாதென்று ஒளிவின்றிக் கூறி, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் பாடம் கேட்ட பின்னரே தீர்ப்பு எழுதினார். உயர்ந்த ஆசனத்தில் இருப்போர் மாணாக்கராவது அரிது. அதனாலேயே இதனைச் சொல்கிறேன். அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் மதிப்புடைய சொற்களின் தொகுதி ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி, பால்புதுமையர் முதலிய சொற்கள் அதில் உள. அயலிலே தமிழ்ச் செய்தித்தாள் கிடைக்காத வீடுகளுக்கு இச்சொற்களைக் கொண்டு சேர்ப்பது இளைஞரின் கைப்பேசியே.

இவையெல்லாம் மேனாட்டுச் சரக்கு என்று மாமன் வாதிட்டார். கொள்ளேகாலில் இருந்துகொண்டு அவ்வாறு சொல்வது வியப்பே. மாதேசுவரன் மலையைப் பற்றிக் கம்சாளை என்னும் வெண்கலத் தாளத்தைத் தட்டிப் பாடுவோரின் நெடுங்கதையில் சங்கம்மை வருகிறாள். கணவன் காட்டுக்குப் புறப்படுமுன், கற்புக்கு உறுதியாக வலக்கையால் சத்தியம் செய் என்கிறான். அவள் மறுக்கிறாள். எவ்வளவு துன்புறுத்தியும் கை நீட்டவில்லை. கொள்ளேகாலை அடுத்த சிக்கல்லூரில் ஆண்டுதோறும் நடைபெறும் சித்தப்பாஜி திருவிழாவிலோ, சாதி பாராமல் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பங்க்தி சேவை உண்டு. சித்தப்பாஜியின் குருவாகிய மண்டேசாமி, இழிந்தவராகக் கருதப்பட்டவரின் கோலத்தில் பசவண்ணரின் கல்யாண நகருக்கே சென்று அடியாரைச் சோதித்தவர் என்று நீலகாரர் தம்பூரி மீட்டிப் பாடுவர். வட கர்நாடகத்து ஜோகதி மரபில் வந்த திருநங்கை மஞ்சம்மா, 2019-இல் மாநில நாட்டுப்புறக் கலைக் கழகத்தின் தலைவராகி, 2021-ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். கலையும் நீதியும் இம்மண்ணில் நெடுங்காலமாக ஒரே மேடையில் இருப்பவை.

ஆயினும் இளைஞரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு படத்தை ஆயிரவர்க்கு அனுப்பியதும் கடமை முடிந்ததென அவர்கள் எண்ணிவிடுகின்றனர். பழைய சொல்லை அறியாமல் வழங்கும் முதியவரை ஒரே நொடியில் பகைவராக்கியும் விடுகின்றனர். அதைவிடக் கொடிது, நம்பிச் சொல்லப்பட்ட மறைபொருள் ஒரு விரல் அசைவில் ஊரறியப் பரவுவது. திரைக்கு அப்பால் உள்ளவருக்கு இரவில் தங்க ஓர் இடம் வேண்டும்; அதைத் திரை தராது. இதை நான் சொன்னபோது அப்பெண் மறுக்கவில்லை. "அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், அவர் இங்கு வந்தால் இவ்வீட்டில் சோறு உண்டா?" என்றாள்.

மாமன் வெற்றிலையை மடித்தபடி வாளாவிருந்தார். தந்தையாரும் விடை சொல்லவில்லை. பாட்டியார்தாம் கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்து அப்படத்தை நெடுநேரம் பார்த்தார். "சேலைக் கட்டு சரியில்லை, முந்தானை இடப்புறம் வரவேண்டும்" என்றார். பிறகு, அப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று வினவினார்.