ஙகரத்துக்கு ஓர் இடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘குடிபெயர்ந்தோர் வாழ்வும் கவிதையும்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இவ்விடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் அமையாது. எம்.கே.பி. நகர் என்று பேருந்துப் பலகையில் சுருங்கி நிற்கும் பெயரை விரித்தால் மகாகவி பாரதியார் நகர் ஆகும். அந்த மகாகவியும் 1908-இல் ஆங்கிலேயர் எல்லையை விட்டுப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று, பின்னர் வந்து சேர்ந்த மனைவி மக்களோடு 1918 வரை அங்கே வாழ்ந்தவர். அவர் பெயர் தாங்கிய ஊரிலும் அதை அடுத்த வியாசர்பாடியிலும் பிற ஊரிலிருந்து வராத குடும்பத்தைத் தேடித்தான் காண வேண்டும். வேலை தேடிச் செங்கற்பட்டு, வடஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தோர், ஆந்திரத்திலிருந்து வந்தோர், துறைமுகத்தையும் 1996-இல் மூடப்பட்ட பின்னி ஆலையையும் நம்பி வந்தோர் எனப் பலர். அவர்களுள் கடல் கடந்து வந்த ஒரு கூட்டத்தாரைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன். நானும் அக்கூட்டத்தில் ஒருத்தி.

திரும்பியோர் என்னும் சொல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மாவின் கழிமுக நிலங்கள் நெல்வயல்களாக விரிந்தபோது தமிழர் அங்கே சென்றனர். கடன் கொடுத்தவர் சென்றார். கதிர் அறுத்தவரும் மூட்டை தூக்கியவரும் சென்றனர். 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942-இல் சப்பானியர் படையெடுப்புக்கு அஞ்சிக் காட்டுவழியே நடந்தவர்களுள் மாண்டவர் பலர். போருக்குப் பின்னும் எஞ்சியோர் அங்கே வாழ்ந்தனர். 1962 மார்ச்சில் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் நாட்டுடைமையாயின. அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. கடையும் போய்க் கையிருப்பும் போனபின் கப்பல் ஒன்றே வழியாயிற்று. அறுபதுகள் தொடங்கித் தமிழகம் வந்து சேர்ந்தோர் ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் இன்னும் பல மாவட்டங்களிலும் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். 1969-இல் துறைமுகத்தை அடுத்துத் தோன்றிய பர்மா பசார் அவர்தம் பெயரால் வழங்குவது.

அரசு ஏடுகள் அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று குறித்தன. பரிவோடு இட்ட பெயர்தான். ஆயினும் என் தாயார் இரங்கூனில் பிறந்தவர். 1966-இல் பத்து வயதில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோதுதான் முதன்முதலாகத் தமிழ் மண்ணை மிதித்தார். ஒருபோதும் காணாத ஊருக்கு ஒருவர் எங்ஙனம் திரும்ப இயலும்? பாட்டனாருக்குத் திரும்புதல், பாட்டிக்குப் பிரிதல், என் தாயாருக்குப் புகுதல். ஒரே கப்பலில் ஒரே குடும்பம் மூன்று பயணங்கள் செய்தது.

வகுப்பறையும் அடுக்களையும்

அந்தக் குடும்பத்துக்கு வியாசர்பாடியில் ஒரு சிறு வீடு கிடைத்தது. மொகல் தெருவில் துணிக்கடைப் பங்குதாரராக இருந்த பாட்டனார், கைவண்டியில் பழைய துணி விற்றார். பர்மியப் பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்திருந்த என் தாயாரை, தமிழ் எழுதத் தெரியாது என்று இங்கே இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

ஒருநாள் ஆசிரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, அதில் தொடங்கும் சொல்லைக் கேட்டுக்கொண்டு வந்தார். அகரத்துக்கு அம்மா, ககரத்துக்குக் கண். இடையில் ஙகரம் வந்தது. வகுப்பே வாய்மூடி நிற்க, என் தாயார் மட்டும் எழுந்து, “ஙப்பி டீச்சர்” என்றார். வகுப்பு சிரித்தது. “அப்படியொரு சொல்லே கிடையாது, உட்கார்” என்று ஆசிரியை அடக்கிவிட்டார்.

அச்சொல் உண்டு. பர்மிய மொழியில் ‘ஙா’ என்றால் மீன். அழுத்தி ஊறவைத்த மீன் விழுதுக்கு ‘ஙப்பி’ என்று பெயர். எங்கள் வீட்டு அடுக்களையில் உப்புப்போல் அன்றாடம் வழங்கிய பொருள் அது. என் தாயார் அன்று மாலை பாட்டியிடம், “ஆயா, இனிமேல் அதை வீட்டில் செய்யாதே” என்று அழுதாராம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். சாடியை மட்டும் பரண்மேல் எடுத்து வைத்தாராம்.

இலக்கண வகையில் ஆசிரியை சொன்னதில் பிழையில்லை. தொல்காப்பியர் ஙகரத்தை மொழிக்கு முதலில் வைக்கவில்லை. பவணந்தியார் ஒரு சிறு கதவைத் திறந்தார். சுட்டெழுத்தும் யாவும் எகர வினாவும் முன்னே நிற்க, அவற்றை ஒட்டி ஙகரம் முதலாகலாம் என்றார். அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம், யாங்ஙனம் என வருவன அவை. தனித்து நிற்க இடமில்லாத எழுத்துக்கு, மற்றோர் எழுத்தின் தோளைப் பற்றிக்கொண்டு நிற்க இடம் கிடைத்தது. மாணவர்க்கு இந்நூற்பாவைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அதில் என் தாயாரின் வாழ்க்கை இருக்கிறது என்பதை மிகப் பிந்தித்தான் உணர்ந்தேன்.

அவர்கள் பற்றிக்கொண்ட தோள் அடுத்த வீட்டு அம்மையாருடையது. செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்தவர். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். குடும்ப அட்டைக்கு எங்கே நிற்பது, குழாயில் தண்ணீர் எப்போது வரும், எந்தக் கடையில் கடன் தருவார்கள் என்பன எல்லாம் அவர் சொல்லித் தந்தவை. முதல் மழையில் எங்கள் வீட்டுக்குள் நீர் புகுந்தபோது, அடுப்போடும் அரிசியோடும் அவர்கள் வீட்டில்தான் இரண்டு நாள் இருந்தார்களாம். அவர்கள் வீடும் நம் வீட்டைவிட ஒரு சாண்தான் உயரம் என்று என் தாயார் இன்றும் சொல்வார்.

அந்த அம்மையார் ஒருநாள் வந்தபோது பாட்டி அத்தோ பிசைந்துகொண்டிருந்தார். அத்தோ என்பதும் பர்மியச் சொல்லே. கையால் பிசைந்து கலந்த உணவு என்பது அதன் பொருள். வேகவைத்த நூடுல்சோடு முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைவார்கள். கூடக் குடிக்க வாழைத்தண்டுச் சாறு. பாட்டி கூச்சத்தோடு ஒரு தட்டில் வைத்து நீட்டினார். அம்மையார் ஒரு வாய் உண்டு பார்த்து, “இன்னாம்மா இது, புளிப்பும் காரமுமா நல்லாக் கீதே! இன்னும் கொஞ்சம் குடு” என்றாராம்.

வீட்டுமனையும் கடனும் கொடுத்த அரசு அக்குடும்பத்துக்குக் கூரை தந்தது. அந்த ஒரு தட்டுக்குப் பின்னர்தான் அவர்கள் இவ்வூரில் குடியேறினார்கள் என்று நான் கருதுகிறேன். அதுவரை வாங்கிக்கொண்டே இருந்த கை அன்றுதான் கொடுக்கும் கையாயிற்று. இன்று கடற்கரைச் சாலையை ஒட்டிய கடைகளிலும் வியாசர்பாடித் தெருமுனைகளிலும் வடசென்னை மக்கள் எல்லாரும் நின்று உண்ணும் பண்டமாகிவிட்டது அத்தோ. உண்போர் பலர்க்கு அது எந்த மொழிச் சொல் என்று தெரியாது.

குறுந்தொகை காட்டும் அளவுகோல்

நம் அகப்பாடல்கள் பிரிவைப் பாடியதுபோல் புகுதலைப் பாடினவா என்று கேட்பதுண்டு. பாலைநிலத்து வெயிலும் வழியும் மிகுதி. போய்ச் சேர்ந்த இடத்து அடுப்பு குறைவு என்பது மெய்தான். ஆனால் குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடல் ஒன்று இருக்கிறது. மணமாகிச் சென்ற மகளின் புதுமனைக்குச் சென்று வந்த செவிலி, தான் கண்டதைத் தாயிடம் சொல்கிறாள். மகள் தயிரைத் தன் விரலால் பிசைகிறாள். தாளிப்புப் புகை கண்ணில் படுகிறது. சமைத்ததைக் கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இவ்வளவே பாட்டு. மகள் புது இடத்தில் வாழ்கிறாளா என்பதற்கு வீட்டின் அளவையோ செல்வத்தையோ செவிலி சான்றாகக் காட்டவில்லை. அவள் பிசைந்ததை ஒருவர் இனிதென்று உண்டார் என்பதே சான்று. என் பாட்டியின் அத்தோவுக்கு அடுத்த வீட்டு அம்மையார் அளித்ததும் அதே சான்றுதான்.

இச்சான்று எல்லார்க்கும் கிடைத்துவிடவில்லை. தமிழகத்தில் வேர்பிடிக்காத சிலர், பிறந்த மண்ணுக்கே போய்விடுவோம் என்று தரைவழியே மணிப்பூர் சென்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்னும் எல்லையூரில் தங்கிவிட்டனர். மொழியும் உணவும் வேறான அம்மாநிலத்தில் அவர்கள் வணிகம் செய்தனர். தமிழ்ச் சங்கம் வைத்தனர். அங்காளபரமேசுவரிக்குக் கோயில் எழுப்பினர். அதே அம்மனுக்கு வியாசர்பாடியிலும் பர்மாக்காரர்கள் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். ஒரே கப்பலில் வந்த தெய்வம் இரு மாநிலங்களில் குடியேறிய கதை இது. 2023 மே மாதத்தில் மணிப்பூர்க் கலவரத்தில், பிறர் பகையின் நடுவே, மோரேத் தமிழர் வீடுகளும் எரிந்தன. அறுபது ஆண்டுகள் வாழ்ந்த பின்னும் குடியேற்றம் முற்றுப்பெறாமல் நிற்கலாம் என்பதை அச்செய்தி உணர்த்திற்று. இன்று நம் தெருவுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்யும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மோரே நினைவுக்கு வருகிறது.

ஒரு குறையும் ஒரு வேண்டுகோளும்

அவையோரே, என் குறை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் பாலைத்திணை. பிரிவின் துறைகளை வகைப்படுத்தி முந்நூறு பக்கம் எழுதினேன். அதை எழுதிய மேசைக்கு நான்கடி தூரத்தில், சந்தனக்கல்லில் தனகாப் பட்டையை இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு என் பாட்டி உட்கார்ந்திருந்தார். “ஆயா, நீங்கள் எப்படி வந்தீர்கள்?” என்று ஒருநாளும் கேட்டேனில்லை. அக்காலத்தில் என் தோழியரை வீட்டுக்கு அழைத்ததும் இல்லை. மீன் விழுதின் மணம் அவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற நாணம். ஆய்வேடு அச்சேறிய ஆண்டில் பாட்டி மறைந்தார். இன்று உங்கள்முன் நான் சொன்னவை என் தாயாரின் நினைவில் எஞ்சியவை மட்டுமே. கப்பலின் மேல்தளத்தில் நின்று கரை மறைவதைப் பார்த்தபோது பாட்டி என்ன நினைத்தார் என்பது அவரோடு போய்விட்டது.

ஆகவே கவிஞர்களிடம் என் வேண்டுகோள் இது. 1960-களில் குழந்தைகளாகக் கப்பலேறி வந்தவர்களுக்கு இன்று எழுபது வயதை ஒட்டி ஆகிறது. அவர்கள் நம் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். நம் வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்போது, ஒவ்வொரு திங்களும் ஒரு வீட்டுக்குச் செல்வோம். துயரத்தை மட்டும் கேட்க வேண்டாம். முதலில் என்ன சமைத்தீர்கள், யார் உங்களுக்கு அடுப்பு கொடுத்தார், எந்தச் சொல்லுக்குச் சிரித்தார்கள் என்று கேட்போம். கூடலூர் கிழாரின் செவிலி செய்தது அதுதான். போனாள், கண்டாள், வந்து சொன்னாள். கவிஞனுக்கு அதனினும் பெரிய கடமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அரிச்சுவடியில் ஙகர வரிசையை வைத்து நம் முன்னோர் ஓர் அறம் சொல்வதுண்டு. வழக்கில் பயன்படுவது ஓரெழுத்தே ஆயினும், பயன்படாத தன் இனத்தையெல்லாம் அது விடாமல் உடன் நிறுத்திக் காக்கிறது என்பர். ஊர் என்பதும் அங்ஙனம் இருத்தல் வேண்டும்.

சென்ற பொங்கலன்று என் தாயார் பரணிலிருந்து அந்தப் பழைய சாடியை இறக்கினார். பேத்திக்கு ஙப்பி செய்து காட்டினார். குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டது. அதன் பெயரை அரிச்சுவடி ஏட்டின் ஓரத்தில், ஙகரத்துக்கு நேரே எழுதி வைத்திருக்கிறாள். இலக்கண ஆசிரியையாகிய நான் அதைத் திருத்தவில்லை.

இவ்வட்டம் பல்லாண்டு வளர்க என்று வாழ்த்தி அமைகிறேன்.