அன்னை பூபதி: ஒரு தாயின் இரு கோரிக்கைகள்

(ஹனோவர் நினைவு நிகழ்வில் ஆற்றப்பட்ட உரை)



1932 நவம்பர் 3ஆம் நாள் பிறந்த பூபதி கணபதிப்பிள்ளை, மட்டக்களப்பில் வாழ்ந்த ஓர் இல்லத்தரசி; பத்துப் பிள்ளைகளின் தாய்; அன்னையர் முன்னணியின் தொண்டர்.

1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அன்னையர் முன்னணி கேட்டவை இரண்டு: போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை. அவற்றுக்காக 1988 மார்ச் 19ஆம் நாள், மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில், குருந்தமர நிழலில் பூபதி அம்மா உண்ணாநோன்பு தொடங்கினார். தாம் நினைவிழந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாகாது என்று குடும்பத்தாரிடம் முன்னரே உரைத்திருந்தார். பத்துப் பிள்ளைகளுக்கு அமுதூட்டிய கை, தன் உணவை மறுத்தது. நீர் மட்டுமே அருந்திய அவர், ஏப்ரல் 19ஆம் நாள் தமது 55ஆவது அகவையில் உயிர்நீத்தார். கோரிக்கைகள் நிறைவேறவில்லை, போர் தொடர்ந்தது. அமைதிப்படை முற்றாக வெளியேறியது 1990 மார்ச் மாதத்திலேயே.

பெற்றோரே, ஹனோவரில் வளரும் பிள்ளைகளுக்கு அவர் மாலையிட்ட படமாக மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டை விட்டு எழுந்து, "போரை நிறுத்துங்கள்" என்று கேட்ட ஒரு தாயாகத் தெரிய வேண்டும்.

இளையோரே, 1988இல் எங்கிருந்தீர்கள், எதைக் கண்டீர்கள் என்று உங்கள் அம்மம்மாவிடம் இன்றே கேளுங்கள். அவர் தமிழில் சொல்வார். தமிழிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.