எலுமிச்சம்பழ ரத்தமும் மனித மூளையும்

(வேப்பந்தட்டைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நாம் இன்று நீண்ட பிரசங்கம் செய்யப் போவதில்லை. இவ்வூர்த் தோழர்கள் சீட்டுகளில் எழுதிக் கொடுத்திருக்கும் கேள்விகளுக்கே சமாதானம் சொல்லப் போகிறோம். அவை ரசாயனத்தைப் பற்றியும் மனித மூளையைப் பற்றியும் கேட்கப்பட்டவை. நாம் காலேஜுப் படிப்புப் படித்தவரல்ல. புத்தகங்களைப் பார்த்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததையே சொல்லுகிறோம்.

முதல் சீட்டு: “மந்திரவாதி எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வருகிறதே, எப்படி?”

அது பழத்தின் மகிமையல்ல, கத்தியின் மகிமை. செம்பருத்திப் பூவைக் கத்தியில் தேய்த்து உலரவிட்டால், எலுமிச்சையின் புளிப்புப் பட்டதும் பூவின் சாயம் சிவந்துவிடும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி எடுக்கும் நமது தாய்மார்களும் இதுபோன்ற ரசாயனத்தைத்தான் செய்கிறார்கள். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருள் சுண்ணாம்பின் காரத்தால் சிவக்கிறது. அதில் எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிறது. தாய்மார்கள் இதற்கு மந்திரம் சொல்லுவதுமில்லை, தட்சணை கேட்பதுமில்லை. மந்திரவாதி மாத்திரம் ஏன் கேட்கிறான்?

இரண்டாவது சீட்டு: “பருத்திக் கொல்லையில் மருந்தடித்தவன் விழுந்து துடித்தால் முனி அடித்தது என்கிறார்களே?”

இது வேடிக்கைக் கேள்வியல்ல. உயிர் போகும் கேள்வி. மூளையின் உத்தரவு நரம்பு வழியாக வந்து, நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் ரசாயனத்தின் மூலம் தசையைச் சேருகிறது. சேர்ந்தபின் அந்த ரசாயனத்தைச் சிதைப்பதற்கென்று உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியை வேலை செய்யவொட்டாமல் தடுத்துவிடுகிறது. பூச்சி சாவதும் இதனால்தான். மனிதன் துடிப்பதும் இதனால்தான். எச்சில் ஒழுகும், வியர்க்கும், கண்மணி சுருங்கும், சதை துடிக்கும், கடைசியில் மூச்சே நின்றுவிடும். முனி என்று ஒன்று இருக்குமானால் அது மருந்தடிப்பவனை மாத்திரம் தேடிப் பிடித்து அடிப்பானேன்?

ஆகையால், உங்கள் கையில் மருந்து படாமல் பார்த்து, நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே அட்ரோபின் ஊசி இருக்கிறது. வேப்பிலை அடிக்கும் நேரத்தில் உயிர் போய்விடும்.

மூன்றாவது சீட்டு: “காக்காய் வலிப்பு இரும்புச் சாவியைக் கொடுத்தால் நிற்கிறதே?”

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நாம் தின்னும் உப்பிலுள்ள சோடியமும், காய்கனியிலுள்ள பொட்டாசியமும் அவற்றின் உள்ளும் புறமும் போய்வருவதால் மின்சாரம் உண்டாகிறது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்பவர் 1924ல் இந்த மின்சாரத்தை மனிதத் தலையிலிருந்து கருவியால் பதிவு செய்து காட்டினார். அது கட்டுமீறிக் கிளம்புவதே வலிப்பு. பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்துவரவே அவ்வளவு நேரமாகிறது! சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்?

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம்.

கடைசிச் சீட்டு: “புத்தி பேதலித்தவரைப் புண்ணியத் தலத்தில் கட்டிப்போட்டால் தெளியாதா?”

கள் உள்ளே போனால் புத்தி மாறுவதை நாம் தினமும் பார்க்கிறோம். ரசாயனம் மூளையைக் கெடுக்கக்கூடுமானால், தக்க ரசாயனம் அதைச் சீர்படுத்தவுங் கூடுமல்லவா? சங்கிலி எதைச் சீர்படுத்தும்? 2001 ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் இருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி வெந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். எந்தச் சாமியும் வந்து சங்கிலியை அவிழ்க்கவில்லை. கோவிலானாலும் தர்காவானாலும் மாதாகோவிலானாலும் நாம் கேட்பது ஒன்றுதான்: நோயாளி செய்த குற்றமென்ன? 2017ம் வருஷத்து மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்துவிட்டது.

தோழர்களே! நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இன்றிரவே வீட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்து பாருங்கள். அது சரியாயிருந்தால் மற்றதையும் யோசியுங்கள். நாளைக்கு உங்கள் வீதியில் ஒருவன் விழுந்து துடித்தால், பூசாரி வீட்டிற்கு ஓடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்களானால், நாம் இங்கு வந்து பேசியதற்கு அதுவே போதும்.