தேள் வளர்க்கலாமா?

கல்லடியில் கண்ட தேளைக் கண்ணாடிப் பெட்டியிலிட்டு வளர்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவதுண்டு. விடை கூறுமுன், எட்ட நின்று அதன் முன்கைகளைப் பார்ப்போம்.

அவை நண்டின் கைகளைப் போலப் பருத்து, மேனி கருத்திருப்பின் அது நட்டுவாக்காலி. கொட்டினால் வலி மிகும். உயிருக்கு ஊறு விளைவது அரிது. ஈரமண், பதுங்க ஓர் ஓட்டுத்துண்டு, ஆழமற்ற தட்டில் நீர், வாரத்துக்கு ஓரிரு சுவர்க்கோழி அல்லது கரப்பான் போதும். சில வாரங்கள் உண்ணாதிருப்பினும் அஞ்ச வேண்டா. இரண்டை ஒருங்கே அடைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடக்கூடும். கையால் தொடுதல் என்றும் கூடாது.

முன்கைகள் மெலிந்து, வால் தடித்து, நிறம் சிவந்திருப்பின் அது செந்தேள். 1798இல் அதற்கு இட்ட அறிவியற் பெயரில் தமிழைக் குறிக்கும் ‘தமுலஸ்’ என்னும் சொல் உண்டு. நம் பெயரைத் தாங்கினும் நம் வீட்டுக்கு அது ஆகாது. கொங்கணத்தில் அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கிக் குழந்தைகள் பலரைக் கொன்றது. மஹாட் நகர மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் பிரசோசின் மருந்தைக் கையாண்டு அச்சாவைப் பெரிதும் குறைத்தார். எனினும் மருந்து காலத்தில் கிடைத்தல் வேண்டும். செந்தேள் கொட்டினால் மந்திரிப்பில் பொழுதைப் போக்காது, உடனே மருத்துவமனையை நாடுவோம். எத்தேளென்று ஐயம் எழுமாயின், அதனை வளர்க்காது விடுவதே நம் கடன்.