சாக்கடை ஓரத்தில் ஒரு வகுப்பு
(மருத்துவமனை நண்பர்களின் கூடுகையில் சமுதாய நலப் பிரிவு ஊழியர் ஆற்றிய உரை)



"நீங்கள் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, மருத்துவமனையில் உங்களுக்கு என்ன வேலை?" என்று எங்களைப் பலர் கேட்பதுண்டு. நாங்கள் நால்வரும் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு சிறிய கல்லூரியில் விலங்கியலும் சுற்றுச்சூழல் பாடமும் படித்தவர்கள். அந்தப் படிப்புதான் எங்களை இங்கே கொண்டுவந்தது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

லாஸ்பேட்டை ஒரு செம்மண் மேடு. விமான நிலையம், தாகூர் கலைக் கல்லூரி, காஞ்சி மாமுனிவர் பட்ட மேற்படிப்பு மையம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். மைக்ராஸ்கோப் மூன்று. முறை வைத்துத்தான் பார்ப்போம்.

1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவினால் சுற்றுச்சூழல் பாடம் கல்லூரிகளில் கட்டாயமாயிற்று. 2003-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. பலருக்கு அது மனப்பாடம் செய்து எழுதும் ஒரு பரீட்சை. எங்கள் ஆசிரியரோ ஓர் அகப்பையையும் வெள்ளைத் தட்டையும் கையில் கொடுத்து, எங்களைச் சாக்கடைக்கு அனுப்பினார்.

முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். பிறகு பார்க்கக் கற்றுக்கொண்டோம். தலைகீழாகச் சாய்ந்து தொங்கும் புழு கியூலெக்ஸ். நீர்மட்டத்தில் படுத்துக் கிடப்பது அனோபிலிஸ்; மலேரியாவைப் பரப்பும் இனம் அது. கியூலெக்ஸ் தன் முட்டைகளைச் சிறு தெப்பம்போல ஒட்டி நீரில் மிதக்கவிடும். ஏறக்குறைய பத்தே நாளில் அவை கொசுவாகப் பறந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை வாய்க்காலில் நீர் ஓடச் செய்தால் அந்தத் தலைமுறையே அற்றுப்போகும் என்று ஆசிரியர் விளக்கினார்.

இந்தக் கியூலெக்ஸ்தான் யானைக்கால் நோயைப் பரப்புகிறது. இந்நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-ல் சீனாவில் பாட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். புதுச்சேரியில் இந்நோய் அதிகம் இருந்தது. 1975-ல் அங்கே நிறுவப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரில் பெரிய கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது. மருந்து தெளிப்பதை மட்டும் நம்பாமல், கொசு பெருகும் இடங்களையே ஒழிப்பதில் அது கவனம் செலுத்தியது.

இதை வகுப்பில் படித்த நாளில் எங்கள் தோழி ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். மாலையில்தான் காரணம் சொன்னாள். அவள் அம்மாவுக்கு இடது கால் வீங்கியிருந்தது. புடவையை இழுத்து மறைத்துக்கொண்டு, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தார். பூர்வ பாவத்தின் பலன் என்று உறவினர் பேசினார்கள். அந்த அம்மாவும் அதை நம்பினார்.

நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். "பூச்சி புடிக்கற படிப்புக்கு எதுக்குடி பணம் கட்டணும்? நின்னுடு" என்று அவர் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. அடுத்த பருவக் கட்டணத்துக்கு வழியில்லை.

அவள் அம்மாவின் அருகில் உட்கார்ந்து, "இது சாபம் இல்லம்மா. ஒரு புழு. கொசு கொண்டாந்து விட்டது" என்றாள். நோட்டில் படம் வரைந்து காட்டினாள். அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு முதன்முறையாக எங்கள் முன்னால் புடவையை விலக்கிக் காலைக் காட்டினார்.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சிறு வயதில் நுழைந்த புழு, பல ஆண்டுகள் கழித்தே வீக்கமாக வெளிப்படுகிறது. அதற்குள் நிணநீர்க் குழாய்கள் கெட்டுவிடுகின்றன. மருந்து புழுவைக் கொல்லலாம். காலைப் பழையபடி ஆக்குவது அரிது. ஆனால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, காலை உயர்த்தி வைத்தால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும். அவருக்கும் குறைந்தது. கால் இன்றும் வீங்கித்தான் இருக்கிறது. ஆனால் அவர் இப்போது கல்யாணங்களுக்குப் போகிறார். மகள் படிப்பை முடித்தாள். எங்கள் நால்வரில் அவளும் ஒருத்தி.

இன்று நாங்கள் வீடு வீடாகப் போகிறோம். செப்டிக் டேங்க் குழாயின் வாயில் வலை கட்டச் சொல்கிறோம். அடைத்த வாய்க்காலைக் காட்டிக் கொடுக்கிறோம். அரசு தரும் யானைக்கால் மாத்திரையை மறுப்பவர்களிடம் உட்கார்ந்து பேசுகிறோம். 2027-க்குள் இந்நோயை ஒழிப்பதென்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. மாத்திரையை விழுங்க வைக்க நம்பிக்கைக்குரிய ஒரு முகம் வேண்டும்.

அன்பானவர்களே, நீங்கள் கட்டில்கள் வாங்கித் தந்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருக்கிறோம். வராமல் போன நோய்க்குப் பெயர் எழுத இடமில்லை. ஆயினும், கட்டணம் கட்ட வழியின்றி உயிரியல் படிப்பை விடவிருக்கும் ஒரு பிள்ளையை உங்கள் சபையில் கண்டால், ஒரு பருவத்துக்காவது தாங்குங்கள். அப்படித் தாங்கியவர் ஒருவரால்தான் எங்கள் தோழி இன்று உங்கள் முன் நிற்கிறாள்.

எங்கள் பணியை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.