மயங்கினவன் முகம் மேலே வரணும்

(சந்திப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"கப்பல்ல என்னப்பா வேலை உனக்கு?" என்று வாசலில் எங்கள் சார் கேட்டார். "கப்பல்ல இல்ல சார், கப்பலுக்குப் போற லைஃப் ஜாக்கெட்டைத் தொட்டியில போட்டுப் பார்க்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டார். அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

டைட்டானிக் 1912-ல் மூழ்கியது. அதன் விளைவாக 1914-ல் பிறந்தது சோலாஸ் உடன்படிக்கை. இன்று நடைமுறையில் இருப்பது 1974-ம் ஆண்டு வடிவம். சர்வதேசப் பயணம் போகும் வணிகக் கப்பலில் ஏதோ ஒரு ஜாக்கெட்டை வாங்கி மாட்டிவிட முடியாது. முதலில் மாதிரியைச் சோதிக்கணும். கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு போகிறதோ, அந்த நாட்டு நிர்வாகம் ஒப்புதல் தரணும். இதுதான் டைப் அப்ரூவல்.

சோதனைகள் லேசானவை அல்ல. முன்பின் பார்த்திராதவர்களில் 75 சதவிகிதம் பேராவது, யார் உதவியும் இல்லாமல் ஒரே நிமிடத்தில் சரியாகப் போட்டுக்கொள்ளணும். 2 விநாடி தீ சூழ்ந்த பிறகும் தொடர்ந்து எரியக்கூடாது. நன்னீரில் 24 மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் மிதப்புத் திறன் 5 சதவிகிதத்துக்கு மேல் குறையக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மயங்கிக் குப்புறக் கிடப்பவரைத் திருப்பி, வாயைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவரணும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1904 ஜூன் 15 அன்று நியூயார்க்கில் ஜெனரல் ஸ்லோக்கம் என்ற பயணிகள் படகு தீப்பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜாக்கெட்டுகளில் இருந்த தக்கை மக்கித் தூளாகியிருந்தது. பின்னர் நடந்த விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. ஜாக்கெட்டுக்கு இவ்வளவு எடை தக்கை வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த எடையைக் காட்ட, தக்கைக்குள் இரும்புத் துண்டு செருகிய உற்பத்தியாளர்கள் பிடிபட்டார்கள். மிதக்க வேண்டிய பொருளில் இரும்பு! எடையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். மிதக்கிறதா என்று பார்க்கணும்.

ஒப்புதல் வாங்கியது மாதிரிதான். பின்னால் வரும் ஆயிரமும் அதைப் போலவே இருக்கணும். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், விலை குறைவு என்று ஃபோமை மாற்றிவிட்டார்கள். "சர்டிபிகேட்தான் இருக்கே, கையெழுத்துப் போடுப்பா" என்றார்கள். எனக்கும் வீட்டுக் கடன் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் ஒரு ஜாக்கெட்டை எடுத்துத் தொட்டியில் அமுக்கி வைத்தேன். 24 மணி நேரத்தில் மிதப்பு 5 சதவிகிதத்தைத் தாண்டிக் குறைந்துவிட்டது. அந்த லாட் நின்றது. எனக்கு அந்த வருட இன்கிரிமென்ட்டும் நின்றது!

இதே கல்லூரி லேபில், ரீடிங் சரியாக வராதபோது பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியவன்தான் நானும். தம்பி தங்கைகளே, இங்கே அதற்கு மார்க் மட்டும்தான் போகும். நாளைக்கு நீங்கள் கையெழுத்துப் போடும் பொருளை நம்பி, முகம் தெரியாத யாரோ ஒருவர் நடுக்கடலில் குதிப்பார். மயங்கிக் கிடப்பவரால் சர்டிபிகேட்டைப் படித்துப் பார்க்க முடியாது. அவருக்காக நாம்தான் பார்க்கணும்.